திருமுகமும் வெள்ளைப்பட்டியலும்

2006ஆம் ஆண்டின் மழைக்காலத்தில் எனக்கு வந்த ஒரு கடிதத்தை நான் இன்றுவரை படித்ததில்லை. இனிப் படிக்கவும் இயலாது.

எழுதியவர் முதிய கல்வெட்டறிஞர் ஒருவர். பாகூர்ச் செப்பேடு குறித்து அவரிடம் ஒரு வினா எழுப்பியிருந்தேன். என் தாய்வழிப் பாட்டனாரின் ஊர் குருவிநத்தம். பாகூர்க் கொம்யூனில் தென்பெண்ணையை ஒட்டிக் கிடக்கும் சிற்றூர். செப்பேட்டில் வரும் ஊர்ப்பெயர்களுக்கும் எல்லைகளுக்கும் இன்று அப்பகுதியில் வழங்கும் நிலப்பெயர்களுக்கும் ஏதேனும் தொடர்பு காண முடியுமா என்பது என் கேள்வி. அவருக்குக் கணினி பழக்கமில்லை. பேரனை அருகில் இருத்திக்கொண்டு, பிரவுசிங் சென்டர் ஒன்றில் மூன்று மாலைகள் உட்கார்ந்து சொல்லச் சொல்லத் தட்டெழுதச் செய்து அனுப்பியிருக்கிறார். திஸ்கி எழுத்துருவில் அமைந்த நீண்ட மடல். அது என் கண்ணில் படவே இல்லை. என் மின்னஞ்சல் சேவையின் வடிகட்டி அதை எரிதம் என்று தீர்மானித்து ஒதுக்குப் பெட்டிக்குள் தள்ளியது. முப்பது நாட்கள் கழிந்ததும் அந்தப் பெட்டி வழக்கம்போலத் தன்னைத்தானே காலி செய்துகொண்டது.

அடுத்த கோடையில் அவர் காலமானார். இரங்கல் கூட்டத்தில் நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "ஐயா உங்களுக்கு அவ்வளவு பெரிய கடிதம் எழுதினாரே, ஒரு வரி பதில் போடக் கூடாதா? கடைசி வரைக்கும் அவருக்கு அது ஒரு குறையாகவே இருந்தது."

அன்றிரவு வீடு திரும்பியதும் முகவரிப் புத்தகத்திலும் அனுப்பிய மடல்களிலும் இருந்த எல்லா முகவரிகளையும் திரட்டி, நம்பத்தக்கோர் பட்டியலில் ஒட்டுமொத்தமாகச் சேர்த்தேன். 214 முகவரிகள். இறந்தவரின் முகவரியும், உண்மையில் அவர் பேரனுடைய முகவரி அது, அவற்றுள் ஒன்று. அந்த 214 பெயர்களைச் சேர்த்ததில் நான் செய்த பிழைகளும், அவற்றின் வழியே தேடிப் போய்த் தெரிந்துகொண்ட பழங்கதைகளுமே இக்கட்டுரை.

*

எரிதம் என்பது ஸ்பாம் என்ற சொல்லுக்கு இணையத் தமிழர்கள் வைத்த பெயர். எரிச்சலூட்டுவது என்ற பொருள் அதில் தொனிக்கிறது. மூலச்சொல்லின் கதை இன்னும் சுவையானது. ஸ்பாம் என்பது ஹார்மெல் என்னும் அமெரிக்க நிறுவனம் 1937இல் விற்பனைக்குக் கொண்டுவந்த தகரக்குவளை இறைச்சி. 1970இல் மான்ட்டி பைத்தான் குழுவினர் தொலைக்காட்சியில் ஒரு நகைச்சுவைக் காட்சி நடித்தனர். உணவகத்தில் எதைக் கேட்டாலும் அதில் ஸ்பாம் கலந்திருக்கும். வேறெந்தப் பேச்சும் காதில் விழாதபடி அந்தச் சொல்லே திரும்பத் திரும்ப முழங்கும். பேச விடாமல் அடிக்கும் கூச்சல் என்ற பொருளில் கணினிக்காரர்கள் அச்சொல்லை எடுத்துக்கொண்டார்கள்.

கூச்சல் தொடங்குமுன்பே அதை முன்னுணர்ந்த ஒருவர் இருந்தார். 1975 நவம்பரில் ஜான் போஸ்டல் ஆர்எஃப்சி 706 என்ற ஒரு சிறு குறிப்பை வெளியிட்டார். ஒரு பக்கம்கூட நிரம்பாது. குப்பை அஞ்சலைப் பற்றிய குறிப்பு அது. வலையில் உள்ள ஒரு கணினி, தனக்கு வேண்டாத இடத்திலிருந்து வரும் செய்தியைத் தேர்ந்து மறுப்பதற்கு வழியே இல்லை என்று அதில் சுட்டிக்காட்டினார். அப்போது அர்ப்பாநெட்டில் இருந்தவர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தாரும் ஆய்வாளர்களும். வாசலுக்குக் கதவு வேண்டும் என்ற எண்ணமே அங்கே எழவில்லை.

1978 மே 3 அன்று அந்த வாசல் வழியாக கேரி தர்க் நுழைந்தார். டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் விற்பனைத் துறையைச் சேர்ந்தவர். புதிய கணினி ஒன்றின் அறிமுகக் கூட்டத்துக்கு அழைப்பு விடுக்க, அச்சிட்ட முகவரிக் கையேட்டிலிருந்து எடுத்த ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே மடலை அனுப்பினார். முகவரிகளுக்கான இடம் நிரம்பி வழிந்து, மிச்ச முகவரிகள் மடலின் உடலுக்குள்ளேயே போய் விழுந்தன. கடிதத்தைத் திறந்தவர்கள் முதலில் கண்டது ஊரார் முகவரிகளைத்தான். கண்டனங்கள் எழுந்தன, கணினிகளும் விற்றன. இரண்டாவதுதான் வினையாக முடிந்தது.

1994 ஏப்ரலில் அரிசோனாவைச் சேர்ந்த கேன்ட்டர், சீகல் என்ற வழக்கறிஞர் தம்பதியர் யூஸ்நெட்டின் ஆயிரக்கணக்கான குழுக்களில் அமெரிக்கப் பச்சை அட்டைக் குலுக்கலுக்கான விளம்பரத்தை இட்டார்கள். வெட்கப்படாமல் அதை நியாயப்படுத்திப் புத்தகமும் எழுதினார்கள். அதன்பின் வெள்ளம்.

வெள்ளத்துக்கு அணை மூன்று வகையில் கட்டப்பட்டது. முதலாவது கறுப்புப் பட்டியல். 1997இல் பால் விக்ஸி தொடங்கி வைத்த பட்டியல் எரிதம் உமிழும் கணினிகளின் எண்களை உலகுக்கு அறிவித்தது. இரண்டாவது மதிப்பெண் முறை. 2001இல் ஜஸ்டின் மேசன் வெளியிட்ட ஸ்பாம்அசாசின் ஒவ்வொரு மடலையும் நூற்றுக்கணக்கான விதிகளால் சோதித்துப் பார்த்தது. தலைப்பு முழுதும் பெரிய எழுத்தா, இத்தனை புள்ளி; மருந்தின் பெயர் வருகிறதா, இத்தனை புள்ளி. கூட்டுத்தொகை ஐந்தைத் தொட்டால் மடல் குற்றவாளி. மூன்றாவது 2002 ஆகஸ்டில் பால் கிரகாம் எழுதிய கட்டுரையால் பரவிய வழி: 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தாமஸ் பேய்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியாரின் நிகழ்தகவுத் தேற்றத்தைக் கொண்டு, சொற்களின் சேர்க்கையிலிருந்து மடலின் குணத்தைக் கணிப்பது. பாதிரியார் இறந்து இரண்டு ஆண்டு கழித்து 1763இல் அச்சேறிய ஆய்வுரை, வயாகரா விளம்பரங்களை விரட்டப் பயன்பட்டது.

இம்மூன்றும் ஆங்கில அஞ்சல் பெட்டியை மனத்தில் வைத்து எழுந்தவை. தமிழ் மடல் இவற்றிடம் பட்ட பாட்டைப் பெரிதாக யாரும் எழுதி வைக்கவில்லை.

ஒருங்குறி பரவலாகும் முன் நாம் திஸ்கியிலும் டாப், டாமிலும் இன்னும் பல தனி எழுத்துருக்களிலும் எழுதினோம். இவற்றுள் திஸ்கி போன்றவை எட்டுத்துணுக்குக் குறியீடுகள். அதாவது, ஆங்கில எழுத்துகளுக்குரிய 128 இடங்களைத் தாண்டி மேலே உள்ள 128 இடங்களில் தமிழைக் குடியேற்றிய முறை. மின்னஞ்சலின் தலைப்பகுதியோ ஏழு துணுக்குக்குள் அடங்கிய எழுத்துகளை மட்டுமே எதிர்பார்த்தது. பிறமொழி எழுத்துகளைப் பொதிந்து அனுப்பும் முறையை 1996இல் ஆர்எஃப்சி 2047 வகுத்துக் கொடுத்தாலும், நம் மென்பொருட்களில் பலவும் நாமும் அதைப் பொருட்படுத்தவில்லை. தலைப்பில் பச்சையாகத் தமிழை எழுதி அனுப்பினோம். தலைப்பில் சட்டவிரோத எழுத்துகள் மிகுதி என்று ஸ்பாம்அசாசினில் ஒரு விதியே உண்டு. அதற்குத் தனிப் புள்ளி. "சட்டவிரோத எழுத்துகள்" என்பது என் கற்பனை இல்லை, அவ்விதியின் பெயரே அதுதான். தொல்காப்பியர் முப்பது என்று வரையறுத்த எழுத்துகளுக்கு இப்படியும் ஒரு பட்டம் வாய்த்தது.

அந்த முதியவரின் மடல் எந்த விதியில் சிக்கியது என்பது எனக்குத் தெரியாது. புதிய அனுப்புநர், பொதுக்கணினி, திஸ்கித் தலைப்பு, இணைப்பாக ஒரு படக்கோப்பு. குற்றம் சாட்ட இவையே போதும்.

*

வெள்ளைப்பட்டியல் இதற்கெல்லாம் எதிர்த்திசையில் இயங்குவது. மடலில் என்ன இருக்கிறது என்று அது பார்ப்பதில்லை. யார் அனுப்பியது என்று மட்டும் பார்க்கும். ஸ்பாம்அசாசினில் ஒருவரை அப்பட்டியலில் சேர்த்தால் அவர் மடலுக்கு நூறு புள்ளிகள் கழிக்கப்படும். ஐந்து புள்ளிக்குக் குற்றவாளி என்ற நீதிமன்றத்தில் நூறு புள்ளித் தள்ளுபடி. அரசனின் மைத்துனனுக்குக்கூட அத்தகைய சலுகை கிடைத்திருக்காது. (2020க்குப் பின் வெள்ளை, கறுப்பு என்ற சொற்களைப் பலரும் கைவிட்டனர். ஸ்பாம்அசாசினும் 2022இல் வெளிவந்த நான்காம் பதிப்பில் அதை வரவேற்புப் பட்டியல் என்று பெயர் மாற்றிக்கொண்டது. வரவேற்பு என்ற சொல் எனக்குப் பிடித்திருக்கிறது. பழக்கத்தால் பழைய பெயரையே இங்கு எழுதுகிறேன்.)

ஒன்றிரண்டு பேரைச் சேர்ப்பது எளிது. இருநூறு பேரைச் சேர்க்க வேண்டுமானால் வரிக்கு ஒரு முகவரியாக எளிய உரைக்கோப்பில் எழுதி உள்ளிட வேண்டும். அவுட்லுக் அவ்வாறே ஏற்கும். ஜிமெயிலில் அப்படிப்பட்ட பட்டியல் இல்லை. ஒரு வடிகட்டி அமைத்து, அனுப்புநர் பகுதியில் முகவரிகளை "அல்லது" என்னும் சொல்லின் ஆங்கில வடிவத்தால் கோத்து, "ஒருபோதும் எரிதத்துக்கு அனுப்பாதே" என்று குறிக்க வேண்டும். நான் முதல் வழியைக் கையாண்டேன். கையாண்ட வேகத்தில் மூன்று பிழைகள் செய்தேன்.

முகவரிப் புத்தகத்தை அப்படியே கொட்டியதால் என் முகவரியும் பட்டியலில் ஏறியது. எரிதம் அனுப்புவோர் இதற்கென்றே காத்திருப்பவர்கள். பெறுநரின் முகவரியையே அனுப்புநர் முகவரியாக இட்டு அனுப்புவது அவர்களின் மிகப் பழைய தந்திரம். மறுவாரம் முதல் எனக்கு நானே கைக்கடிகாரமும் கடனும் விற்கத் தொடங்கினேன்.

இரண்டாவது பிழை, சோம்பல். ஒரே பல்கலைக்கழகத்தில் பதினேழு பேர் இருந்தார்கள். பதினேழு வரிகளுக்குப் பதிலாக அந்நிறுவனத்தின் களப்பெயரை முழுதாகச் சேர்த்துவிட்டேன். அக்களத்தின் பெயரைத் தாங்கி வந்த எதுவும் அதன்பின் தடையின்றி உள்ளே வந்தது.

மூன்றாவதுதான் எனக்குப் பாடமானது. பட்டியலில் இருந்த நண்பரின் பெயரில் ஒரு மடல் வந்தது. வெளிநாட்டில் பணப்பை பறிபோய்விட்டது, உடனே பணம் அனுப்ப வேண்டும். வடிகட்டி நிச்சயம் அதைப் பிடித்திருக்கும். நான்தான் நூறு புள்ளி கழிக்கச் சொல்லியிருந்தேனே. நல்லவேளையாக நண்பர் அப்போது காரைக்காலில் இருப்பதை அறிந்திருந்தேன்.

இதன் வேர் 1982இல் இருக்கிறது. அவ்வாண்டு ஆகஸ்டில் அதே போஸ்டல் ஆர்எஃப்சி 821 வழியாக அஞ்சல் கடத்தும் நெறியை வகுத்தார். அதில் அனுப்புநர் தன் பெயராக எதைச் சொல்கிறாரோ அதுவே பெயர். சரிபார்க்கும் ஏற்பாடு இல்லை. அஞ்சல் உறையின் பின்புறத்தில் யார் பெயரையும் எழுதலாம் அல்லவா, அப்படி. பெயர்களை மட்டும் கொண்ட பட்டியல், எவரும் எப்பெயரும் சூடிக்கொள்ளக்கூடிய ஊரில் காவலாளியிடம் கொடுத்த பட்டியல்தான்.

இலக்கிய வாசகர்கள் அறிய வேண்டிய ஒரு முயற்சி இவ்வரலாற்றில் உண்டு. 2002இல் ஹேபியஸ் என்ற அமெரிக்க நிறுவனம் ஒரு ஹைக்கூவை வைத்து வெள்ளைப்பட்டியல் அமைத்தது. நேர்மையான அனுப்புநர்கள் தம் மடலின் தலைப்பகுதியில் அக்கவிதையைப் பொதிந்து அனுப்பலாம்; வடிகட்டிகள் கவிதையைக் கண்டதும் வழிவிடும். எரிதக்காரர்கள் திருடினால்? கவிதைக்குக் காப்புரிமை உண்டு, வழக்குத் தொடுப்போம் என்றது நிறுவனம். எரிதத்துக்கு எதிரான சட்டங்கள் வலுவற்றிருந்த காலத்தில் காப்புரிமைச் சட்டத்தை ஆயுதமாக்கும் எண்ணம் புத்திசாலித்தனமானதே. ஸ்பாம்அசாசினும் அக்கவிதைக்குப் பெருந்தள்ளுபடி கொடுத்தது. 2004க்குள் எரிதக்காரர்கள் கவிதையை நகலெடுத்து ஒட்டத் தொடங்கிவிட்டார்கள். கவிதை இருந்தால் உள்ளே விடு என்ற விதியே அவர்களுக்கு வாசலானது. உலகில் மிக அதிக முறை அனுப்பப்பட்டு, எவராலும் படிக்கப்படாத ஹைக்கூ அதுவாகவே இருக்கும்.

*

கடைசி வரை படிக்காமல் போன கடிதத்தின் பொருளுக்கு, அதாவது பாகூர்ச் செப்பேட்டுக்கு, இந்த இடத்தில்தான் நான் திரும்பி வந்தேன்.

பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில், 9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், வழங்கப்பட்டது அச்செப்பேடு. பாகூரில் இருந்த வித்தியாஸ்தானத்துக்கு, கல்விநிலையத்துக்கு, சேட்டுப்பாக்கம், விளங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி என்ற மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டதை அது சொல்கிறது. வடமொழிப் பகுதியும் தமிழ்ப் பகுதியும் கொண்டது. வரலாற்றாசிரியர்கள் அதைக் கல்வி வரலாற்றுக்காகப் படிப்பார்கள். நான் அதை ஓர் அஞ்சலாகப் படிக்கத் தொடங்கினேன்.

பல்லவர் காலக் கொடைச் செப்பேடுகள் காட்டும் நடைமுறையைக் கவனியுங்கள். அரசன் வாய்மொழியாக ஆணையிடுகிறான். கொடையை வேண்டிக்கொண்டவர் இன்னார், ஆணையை நிறைவேற்றப் பொறுப்பேற்றவர் இன்னார் என்று குறிக்கப்படுகிறது. அது ஓலையாகி நாட்டாருக்கு அனுப்பப்படுகிறது. அந்த ஓலைக்குத் திருமுகம் என்று பெயர். வந்தது ஓலை என்றாலும் வந்தது அரசனின் முகம். நாட்டார் அதைக் கண்டு தொழுது தலைமேல் வைக்கிறார்கள். தலைமேல் வைத்ததோடு நின்றுவிடுவதும் இல்லை. எல்லை நெடுக நடந்து, கல்லும் கள்ளியும் நட்டு, செய்தது இதுவென்று அறையோலை எழுதித் திருப்பி விடுக்கிறார்கள். அதற்குப் பிறகே செப்பேடு. ஏடுகளைத் துளையிட்டு ஒரு வளையத்தில் கோத்து, வளையத்தின் வாய் சேரும் இடத்தில் இலச்சினை பதிப்பார்கள். பல்லவருக்கு அது காளை. வளையத்தை வெட்டாமல் ஓர் ஏட்டை உருவவோ செருகவோ முடியாது.

அதாவது, பெயர் சொன்னால் போதும் என்று அக்காலத்தில் எவரும் நினைக்கவில்லை. "நான் நிருபதுங்கன்" என்று எவரும் எழுதலாம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. போலிச் சாசனம் அன்றைக்கும் பெருந்தொழில். அரசாணையைப் பொய்யாக எழுதுவோருக்கு மனுநூல் மரணதண்டனை விதிக்கிறது. ஹர்ஷரின் மதுபன் செப்பேடு, அவருடைய 25ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ 631இல், வெளியிடப்பட்டது. வாமரத்யன் என்ற அந்தணர் ஒரு கிராமத்தைப் போலிச் சாசனத்தின் பேரில் அனுபவித்து வந்ததாகவும், அச்சாசனத்தை உடைத்து ஊரை வேறு இருவருக்கு வழங்கியதாகவும் அது சொல்கிறது. 1901இல் ஃப்ளீட் இந்தியாவின் போலிச் சாசனங்களைத் தொகுத்து ஒரு நீண்ட பட்டியலே வெளியிட்டார். அது அக்காலத்துக் கறுப்புப் பட்டியல்.

மின்னஞ்சல் இந்த இலச்சினையைக் கண்டடைய ஏறத்தாழ கால் நூற்றாண்டு ஆயிற்று. 2006இல் ஆர்எஃப்சி 4408 ஆக வந்த எஸ்பிஎஃப் முறை, ஒரு களப்பெயரின் சார்பில் அஞ்சல் அனுப்ப எந்தெந்தக் கணினிகளுக்கு உரிமை உண்டு என்று அக்களத்தின் உரிமையாளரே அறிவிக்க வழிசெய்தது. ஆணையை எடுத்து வருபவன் அரண்மனைத் தூதன்தானா என்று கேட்பது அது. 2007இல் வந்த டிகேஐஎம் அதற்கும் மேலே போயிற்று. அனுப்பும் நிறுவனம் தன்னிடம் மட்டுமே உள்ள இரகசியத் திறவுகோலால் மடலுக்கு ஒப்பமிடும். அதைச் சரிபார்க்கும் பொதுத் திறவுகோல் எல்லோர் பார்வையிலும் இருக்கும். ஒப்பமிட்ட பகுதியில் ஓர் எழுத்து மாறினாலும் ஒப்பம் பொருந்தாது. செப்பேட்டின் வளையத்தை விளக்க இதைவிடச் சிறந்த உவமை எனக்குக் கிடைக்கவில்லை. அல்லது இதை விளக்கச் செப்பேட்டின் வளையம். 2015இல் ஆர்எஃப்சியான டிமார்க், இலச்சினை பொருந்தாத மடலை என்ன செய்வது என்று பெறுநருக்குச் சொல்லி வைத்தது. 2024 பிப்ரவரி முதல், மொத்தமாக மடல் அனுப்புவோர் இம்மூன்றையும் கடைப்பிடித்தே ஆக வேண்டும் என்று கூகுளும் யாகூவும் கட்டாயமாக்கின.

என் 214 பெயர்ப் பட்டியலை அதற்கு நெடுநாள் முன்பே திருத்தி எழுதியிருந்தேன். களப்பெயர்களை நீக்கினேன். என் பெயரை நீக்கினேன். இறந்தவர்களை நீக்க மனம் வரவில்லை. ஆனால் இறந்தவர்களின் கைவிடப்பட்ட முகவரிகளைத்தான் களவாடுவோர் அதிகம் விரும்புவர் என்று படித்தபின் அவற்றையும் நீக்கினேன். அந்தப் பேரனின் முகவரி கடைசியாகப் போயிற்று. 61 மிஞ்சியது.

*

தனியொருவர் இருநூறு பெயரைச் சேர்ப்பதிலேயே இத்தனை சிக்கல் என்றால், ஒரு நாடே தன் அனுப்புநர்களைப் பட்டியலிடப் புறப்பட்டால்? இந்தியா அதைச் செய்தது. மின்னஞ்சலுக்கு அல்ல, குறுஞ்செய்திக்கு.

தொல்லை அழைப்புகளுக்கு எதிராக 2007இல் அழைக்க வேண்டாதோர் பதிவேடு வந்தது. வேண்டாம் என்பவர் பெயர் கொடுக்க வேண்டும் என்ற ஏற்பாடு. பயன் சொற்பமே. 2018 ஜூலையில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தலைகீழாகத் திருப்பிப் போட்டது. வங்கியோ அரசுத் துறையோ நகைக்கடையோ, மொத்தமாகச் செய்தி அனுப்ப விரும்பும் எவரும் முதலில் தம்மைப் பதிய வேண்டும். தம் அனுப்புநர் தலைப்பைப் பதிய வேண்டும். அனுப்பப் போகும் செய்தியின் வாசகத்தையே, மாறும் இடங்களைக் காலியாக விட்டு, முன்கூட்டிப் பதிய வேண்டும். இவை தொலைத்தொடர்பு நிறுவனங்கள் பகிர்ந்துகொள்ளும் பேரேட்டில் இருக்கும். பேரேட்டோடு பொருந்தாத செய்தி போய்ச் சேராது. பெயருக்கு மட்டுமின்றி வாசகத்துக்கும் அனுமதி வாங்கும் வெள்ளைப்பட்டியல்.

2021 மார்ச் 8 அன்று இந்தச் சல்லடை முழுமையாக இயக்கப்பட்டது. அன்று நாடெங்கும் ஒருமுறைக் கடவுச்சொற்கள் வராமல் நின்றன. வங்கிப் பரிமாற்றங்கள் பாதியில் நின்றன. கொரோனாத் தடுப்பூசிக்கு முதியோர் பதிவு செய்துகொண்டிருந்த வாரம் அது, அதுவும் தடைப்பட்டது. பெரிய வங்கிகள் உட்படப் பலரும் தம் வாசகங்களைப் பதிந்திருக்கவில்லை; பதிந்தவர்களிலும் சிலருடைய வாசகம் எழுத்துக்கு எழுத்து பொருந்தவில்லை. மறுநாளே டிராய் ஏழு நாட்களுக்குச் சல்லடையை நிறுத்தி வைத்தது. எங்கள் முதியவரின் கடிதத்துக்கு நேர்ந்தது ஒரே பகலில் கோடிக்கணக்கான செய்திகளுக்கு நேர்ந்தது என்றுதான் அன்று எனக்குத் தோன்றியது.

ஆயினும் பணி நிற்கவில்லை. 2024 அக்டோபர் 1 முதல் செய்திக்குள் வரும் இணைய முகவரிகளும் பட்டியலில் இருந்தாக வேண்டும் என்றானது. அதற்குள் 3,000க்கும் மேற்பட்ட அனுப்புநர்கள் 70,000க்கும் மேற்பட்ட முகவரிகளைச் சேர்த்துவிட்டதாக டிராய் தெரிவித்தது. 2025ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி தலைப்பின் கடைசியில் ஓர் எழுத்து ஒட்டிக்கொண்டது: விளம்பரத்துக்கு 'பி', சேவைக்கு 'எஸ்', பரிமாற்றத்துக்கு 'டி', அரசுக்கு 'ஜி'. காளை இலச்சினை ஒற்றை ஆங்கில எழுத்தாகச் சுருங்கி வந்து சேர்ந்தது.

இதில் புதுச்சேரிக்கு ஒரு வேடிக்கை உண்டு. தொலைத்தொடர்புக் கணக்கில் புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டு வட்டம், மாஹே கேரள வட்டம், ஏனாம் ஆந்திர வட்டம். பிரெஞ்சுக்காரர் ஒட்டவைத்ததைச் செல்பேசிக் கோபுரங்கள் பிரித்துவிட்டன. இன்னொன்று வேடிக்கையல்ல. ஆங்கில எழுத்தில் அனுப்பினால் ஒரு குறுஞ்செய்திக்கு 160 எழுத்து இடம். தமிழ் எழுத்தில் அனுப்பினால் 70 குறியீடுகள்தான், அதிலும் ஒரு 'கொ'வுக்கே இரண்டு செலவாகும். செலவு கருதிப் பெரும்பாலோர் ஆங்கிலத்திலேயே வாசகத்தைப் பதிகிறார்கள். நம்பத்தக்கவர் என்று முத்திரை பெற்ற அனுப்புநர், பெறுபவருக்குப் புரியாத மொழியில் பேசுகிறார்.

*

குருவிநத்தத்தில் இப்போது எங்கள் வீட்டில் இருப்பவர் சித்தி மட்டுமே. ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்து, ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழையைக் கொட்டியது. அடுத்து சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1,68,000 கன அடி வரை நீர் திறந்துவிடப்பட்டது. தென்பெண்ணை கரைபுரண்டு பாகூர்ப் பகுதிக் கிராமங்களுக்குள் புகுந்தது. எச்சரிக்கை உரிய நேரத்தில் தரப்பட்டதா என்று ஆற்றின் இருபுறத்திலும் பின்னால் வாதங்கள் நடந்தன.

தண்ணீர் வடிந்த பிறகு போயிருந்தேன். சித்தியின் செல்பேசியை வாங்கிப் பார்த்தேன். எச்சரிக்கைகள் வந்திருந்தன. நான்கு. நான்கும் திறக்கப்படாமல் இருந்தன. அவற்றுக்கு மேலும் கீழும் நகைக்கடனும் ரீசார்ஜும் துணிக்கடைத் தள்ளுபடியும்.

"எல்லாம் இந்த லோன் குடுக்கிறவனுங்கதான்னு நெனச்சேன்டா. இதையெல்லாம் யாரு தொறந்து பாக்கறா?" என்றார்.

"அப்ப தண்ணி வரப்போவுதுன்னு எப்படித் தெரிஞ்சுது சித்தி?"

"பால் சொசைட்டி பையன் வந்து கதவத் தட்டுனான். அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்."

இரவில் கடன்காரர்களின் அழைப்புக்குப் பயந்து அவர் செல்பேசியின் ஒலியை முழுவதும் அடைத்து வைத்துவிடுவார். குறித்த சிலர் அழைத்தால் மட்டும் ஒலிக்கும்படி அதை மாற்றித் தரலாம் என்றேன். யார் யாரைச் சேர்க்க வேண்டும் என்று கேட்டேன். அவர் முற்றத்தில் உட்கார்ந்து, ஈரம் காயாத நெல் மூட்டையில் சாய்ந்தபடி, ஒவ்வொருவராக யோசித்துச் சொன்னார். பால் சொசைட்டிப் பையன். எதிர்வீட்டு மருமகள். வாய்க்கால் மதகைப் பார்த்துக்கொள்பவர். அரியாங்குப்பத்தில் இருக்கும் தம் தங்கை. ஆட்டோக்காரர். ஆறாவதாக என்னைச் சொன்னார். பஞ்சாயத்தோ வங்கியோ எதுவும் அதில் இல்லை. அரசு எண் ஒன்றையாவது சேர்க்கட்டுமா என்று கேட்டேன்.

"மொதல்ல அவங்க நம்ம பாஷையில பேசட்டும்" என்று சொல்லிவிட்டு, மதகுக்காரரின் எண்ணை மட்டும் திரும்ப ஒருமுறை சரிபார்க்கச் சொன்னார்.